கட்டில்மேல் கைப்பை

டில்லர்டு, டெக்சஸ்
3 டிசம்பர் 1996

நெல்டாவுக்கு,

போனில் உன் குரலைக் கேட்டதுமே எனக்கு அந்த வெடிச் சத்தம்தான் கேட்கிறது. அதனால்தான் வைத்துவிடுகிறேன். அக்கா போனை முகத்திலடித்தாற்போல் வைக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் புலம்பிக்கொண்டு திரியாதே. சொல்ல வேண்டியதை எழுதியே சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி.

வீட்டுக் கம்பளம் இன்னும் காயவில்லை. வெல்டன் புது வாட்டர் ஹீட்டர் வாங்கி மாட்டிவிட்டார். பழையதைக் கழற்றி முற்றத்தில் போட்டிருந்தபோது பக்கத்து வீட்டு டெல்பர்ட் வந்து, குண்டு போன ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து, "என்ன வெல்டன், இந்த வருஷம் மான் கிடைக்கலன்னு வாட்டர் ஹீட்டரையே வேட்டையாடிட்டியா?" என்றான். வெல்டனும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வருஷா வருஷம் நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வருகிறவர்கள் கோட்டையும் பையையும் என் படுக்கையறைக் கட்டிலில் குவிப்பது அம்மா காலத்திலிருந்து நடப்பதுதான். சின்னக் குழந்தைகள் அந்தக் குவியலுக்குள் புகுந்து தூங்கிப்போவதும் நடப்பதுதான். நீயும் நானும் அப்படித் தூங்கியவர்கள்தானே. அன்றைக்கு என் பேத்தி கேசி அங்கேதான் தூங்கினாள். உன் கைப்பையைத் தலையணையாக வைத்துக்கொண்டு தூங்கினாள். அந்தப் பைக்குள் உன் புருஷன் ஹாலிஸ் விட்டுப்போன துப்பாக்கி, குண்டு போட்டபடி, சீப்புக்கும் உதட்டுச் சாயத்துக்கும் நடுவில் உருண்டுகொண்டிருந்தது. உனக்குத் தெரியும். எங்கள் யாருக்கும் தெரியாது.

ரோண்டா தன் மகளை எழுப்பித் தூக்கிவந்து சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தாள். குழந்தையின் கோட்டை எடுக்கத் திரும்பப் போனாள். கோட்டை இழுத்தாள், பை தரையில் விழுந்தது, வெடித்தது. குண்டு சுவரைத் துளைத்துக்கொண்டு வாட்டர் ஹீட்டருக்குள் போனது. அவள் கொஞ்சம் முன்னால் கோட்டை இழுத்திருந்தால் குண்டு எங்கே போயிருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை. நீயே நினைத்துப் பார்.

நீ என் வீட்டுப் படி ஏற வேண்டாம். வெல்டன் சொல்லி எழுதவில்லை, ரோண்டா சொல்லி எழுதவில்லை. நானே எழுதுகிறேன்.

ஒலீட்டா


ஹார்ப்பர் வெல்ஸ், டெக்சஸ்
11 டிசம்பர் 1996

அக்கா,

நான்கு பக்கம் திட்டி எழுதுவாய் என்று எதிர்பார்த்தேன், இரண்டோடு விட்டுவிட்டாயே. உடம்பு சரியில்லையா?

அன்றைக்கே முழங்காலில் நின்று உன் கம்பளத்தில் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னாலும் கேட்டேன். இன்னும் எத்தனை தடவை கேட்க வேண்டும்? பையைத் தட்டிவிட்டது நானா? ஒரு கோட்டை மெதுவாக எடுக்கத் தெரியாதா உன் மருமகளுக்கு? சுரைக்கொடியைப் பிடுங்குகிற மாதிரிப் பிடுங்குவாள் அவள், எனக்குத் தெரியாதா.

உனக்கு வீட்டில் வெல்டன் அத்தான் இருக்கிறார். கூப்பிடு தூரத்தில் மகன் கிரெய்க் இருக்கிறான். எனக்கு யார் இருக்கிறார்கள்? ஹாலிஸ் செத்துப்போன பிறகு மாட்டுப் பண்ணைகளுக்கு மருந்து விற்றுத்தான் பிழைக்கிறேன். ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவில் ஒரு மரம்கூட இல்லாத ரோடு. போன வருஷம் ஒருவன் பிக்கப் வண்டியில் என் பின்னாலேயே வந்து, பொழுது சாயும் நேரத்தில், என் வண்டியை முட்டி முட்டிப் பள்ளத்தில் இறக்கப் பார்த்தானே, மறந்துவிட்டாயா? எதிரே ஒரு மாட்டு லாரி வந்தது. அது வராமல் இருந்தால் உனக்கு இந்த விருந்தும் இருந்திருக்காது, கோபித்துக்கொள்ள ஒரு தங்கையும் இருந்திருக்க மாட்டாள்.

அன்றிலிருந்து ஹாலிஸின் துப்பாக்கி என் பையில் இருக்கிறது. அது இல்லாமல் வண்டியில் ஏறமாட்டேன். உன் படி ஏறக்கூடாது என்றால் ஏறவில்லை, போ.

கேசி எப்படி இருக்கிறாள் என்று மட்டும் ஒரு வரி எழுது. ரோண்டாவைப் பற்றி எழுத வேண்டாம்.

நெல்டா

பி.கு. பீக்கன் கொட்டை வைத்து நான் சுட்ட பலகாரத்தின் கண்ணாடித் தட்டு உன் வீட்டில் இருக்கிறது. வெள்ளத்தில் போகாமல் இருந்தால் எடுத்து வை.


டில்லர்டு
9 ஜனவரி 1997

நெல்டாவுக்கு,

கிறிஸ்துமஸுக்குக் கேசிக்கு நீ அனுப்பிய பொம்மை இந்தப் பார்சலில் திரும்பி வருகிறது. நான் திருப்பவில்லை. ரோண்டா பிரிக்காமலே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அவளைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய், இவ்வளவுதான் எழுதுகிறேன்.

கேசி நன்றாக இருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "சின்னப் பாட்டி எப்ப வருவாங்க? அவங்க வந்தா வீட்டுக்குள்ளயே மழை வருமே," என்று என்னைக் கேட்கிறாள். அன்றைக்குக் கொட்டிய தண்ணீரைத்தான் மழை என்கிறாள்.

உனக்கு ஒன்று தெளிவாகச் சொல்ல வேண்டும், நீ அதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். துப்பாக்கியை விட்டுவிடு என்று நான் எங்கே சொன்னேன்? வேட்டைத் துப்பாக்கிகள் நிற்கிற வீட்டில்தான் நாற்பது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். அவை இரும்பு அலமாரியில் நிற்கின்றன, சாவி வெல்டன் கழுத்தில் தொங்குகிறது. அந்த பிக்கப்காரனை நான் மறக்கவில்லை. அன்று ராத்திரி நீ போன் செய்தபோது உன் பல் தந்தியடித்த சத்தம் வந்ததே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. நீ வெறுங்கையோடு அந்த ரோட்டில் போவதை நானும் விரும்பவில்லை.

ஆனால் வெல்டன் அன்றைக்கு அந்தத் துப்பாக்கியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இது அந்தக் காலத்துத் துப்பாக்கி. குண்டைத் தட்டுற சுத்தியலுக்கு நேரா இருக்கிற குண்டுக் குழியைக் காலியா விடணும். இல்லன்னா கீழ விழுந்தாலே வெடிக்கும். ஹாலிஸ் அஞ்சுதான் போடுவான். இவ ஆறையும் ரொப்பி வச்சிருக்கா," என்றார். உன் புருஷனுக்குத் தெரிந்திருந்தது. நீ கேட்டுக்கொள்ளவில்லை. பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டால் காவல் என்று நினைத்துவிட்டாய்.

நீ அதை எப்படிச் சுமக்கிறாய் என்று எனக்குப் புரிகிற நாளில் வா. அதுவரை வராதே. தட்டு பத்திரமாக இருக்கிறது.

ஒலீட்டா


ஹார்ப்பர் வெல்ஸ்
17 மார்ச் 1997

அக்கா,

இரண்டு மாதம் எழுதவில்லை. கோபம்தான். பிறகு வெட்கம். இப்போது இரண்டும் பாதிப் பாதி.

வெளியே தெரியாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வாங்குவதற்கு இப்போது வகுப்பு நடத்துகிறார்களே, அதற்குப் போனேன். இங்கே கால்நடைக் கண்காட்சிக் கொட்டகையில் நடந்தது. நடத்துகிறவள் மாக்சின், மாவட்டப் போலீஸ் ஷெரிஃபிடம் டெபுட்டியாக இருந்து ஓய்வு பெற்றவள். குள்ளம், குரல் மட்டும் ஊர்ச் சங்கு. வந்ததும் வராததுமாக, துப்பாக்கியைக் கைப்பையில் வைத்திருக்கிற பெண்கள் யார் என்று கேட்டாள். பாதிப் பேர் கை தூக்கினோம். பையில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து மெதுவாக மேசையில் வைக்கச் சொன்னாள்.

என் பையிலிருந்து என்னென்ன வந்தது என்று கேட்காதே. கடைசியில் ஹாலிஸின் துப்பாக்கி. மாக்சின் அதைத் திறந்து, தோட்டாக்களை வெளியே தட்டி, குழாயைக் கண்ணுக்கு நேரே வெளிச்சத்தில் பிடித்தாள். வெளிச்சம் தெரியவில்லை. ஒரு பென்சிலை விட்டுக் குத்தினாள். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய் உதிர்ந்து விழுந்தது. குளிருக்குக் காரில் போட்ட ஹீட்டர் சூட்டில் உருகி உள்ளே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "இத வச்சு யாரைச் சுடப் போறீங்கம்மா, வாய் நாத்தம் புடிச்சவனையா?" என்றாள். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதைச் சுட்டிருந்தால் என் கையே போயிருக்கலாம் என்று அவள் அடுத்து சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

அவள் சொன்ன ஒன்று மட்டும் மனதில் அப்படியே நிற்கிறது. "உடம்புல இருந்தா நீங்க எங்க இருக்கீங்களோ அது அங்க இருக்கும். பையில இருந்தா பை எங்க கிடக்கோ அங்க கிடக்கும். பையை நீங்க எங்கெங்க வைக்கிறீங்கன்னு யோசிச்சுப் பாருங்க." கடைத் தள்ளுவண்டி, சர்ச் பெஞ்சு, நாற்காலி முதுகு என்று எல்லாரும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறையும் வந்தது. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் உன் கட்டில்தான்.

தேர்வில் நான் தேறவில்லை. குறி தப்பவில்லை அக்கா, அப்பா சொல்லிக்கொடுத்த கை இது. சுடும் வரிசையில் நின்றுகொண்டிருந்தவள், கையில் துப்பாக்கியோடு அப்படியே திரும்பி, மாக்சினிடம் ஏதோ கேட்டுவிட்டேன். என் வாய் உனக்குத் தெரியுமே. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இலக்குப் பக்கம் திருப்பினாள். திட்டவில்லை. "இன்னைக்குப் போதும், வீட்டுக்குப் போங்க," என்றாள். காரில் உட்கார்ந்து அழுதேன். இந்த இடத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டாதே.

மே மாதம் மறுபடியும் போகிறேன். ஹாலிஸின் துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டேன், கீழே விழுந்தாலும் வெடிக்காத சின்னதாக ஒன்று வாங்கிவிட்டேன். விசையை முழுக்க மூடுகிற கெட்டியான உறையும் வாங்கினேன். ஆனால் அதை எங்கே மாட்டுவது? ஆண்களுக்கு இடுப்பில் பெல்ட் இருக்கிறது. எனக்கு எலாஸ்டிக் வைத்த பாவாடை இருக்கிறது. உறையை மாட்டினால் பாவாடை ஒரு பக்கம் இறங்குகிறது. மேலே சட்டை போட்டு மறைத்தால் காற்று தூக்கிவிடுகிறது. வெளியே தெரிந்தால் குற்றம் என்கிறது சட்டம். நேற்று பெட்ரோல் போடும்போது காற்றடித்து மொத்த ஊருக்கும் என் உள்பாவாடை தெரிந்தது, துப்பாக்கி வைத்திருந்தால் அதுவும் தெரிந்திருக்கும். சட்டம் எழுதியவர்களில் ஒருவனாவது பாவாடை கட்டிப் பார்த்திருக்க மாட்டான்.

நெல்டா


டில்லர்டு
12 ஏப்ரல் 1997

நெல்டாவுக்கு,

பார்சலைப் பிரிப்பதற்கு முன் இதைப் படி. இது மன்னிப்பு இல்லை, தையல். எலாஸ்டிக் பாவாடையில் துப்பாக்கி உறையை மாட்டினேன் என்று ஒருத்தி எழுதினால், நாற்பது வருஷமாகத் தைக்கிறவளுக்கு ராத்திரி தூக்கம் வருமா? அதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

பாவாடை இரண்டு, கால்சட்டை ஒன்று, மேலே போட இடுப்புக்குக் கீழ்வரை இறங்கும் ஜாக்கெட் ஒன்று. இடுப்புப் பட்டைக்குள் கூடாரத் துணி வைத்து நான்கு வரிசை தையல் போட்டிருக்கிறேன், கன்றுக்குட்டியைக் கட்டி இழுத்தாலும் தாங்கும். பெல்ட் கோக்க அகலமான வளையங்கள் வைத்திருக்கிறேன். உன் இடுப்பளவை நான் கேட்கவில்லை, கேட்டாலும் உண்மை சொல்லமாட்டாய். விருந்தில் பார்த்த கணக்கு.

ஜாக்கெட்டைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். கீழ் ஓரத்து மடிப்புக்குள் வரிசையாகச் சின்னச் சின்னக் கனம் தட்டுப்படும். வெல்டனின் மீன்பிடிப் பெட்டியில் இருந்த ஈயக் குண்டுகள். தூண்டிலுக்குப் போடுவது. இனி நம் ஊர்க் காற்று என்ன வீசினாலும் அந்த ஜாக்கெட் எழும்பாது. அவர் இரண்டு நாளாகப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கிறார். "வயசாயிடுச்சு ஒலீட்டா, எங்க வச்சேன்னே தெரியல," என்கிறார். நானும் பாவம் என்று ஒரு வார்த்தை சொன்னேன்.

அனுப்புவதற்கு முன் நானே போட்டுப் பார்த்தேன். துப்பாக்கிக்குப் பதிலாக வெல்டனின் குறடை இடுப்பில் மாட்டிக்கொண்டு, காற்றடிக்கிற நாளாகப் பார்த்துக் கொல்லையில் துணி உலர்த்தினேன். குனிந்தேன், எம்பினேன், மேல் தட்டிலிருந்து ஜாடி எடுத்தேன், முழங்காலில் நின்று தரை துடைத்தேன். குறடு அசையவில்லை. டெல்பர்ட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன ஒலீட்டா, டான்ஸ் பழகுறியா?" என்றான். ஜாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவன் கண்டுபிடிக்கவில்லை. அவன் கண்ணுக்குத் தப்பினது எவன் கண்ணுக்கும் தப்பும்.

தேர்வில் தேறு. கையில் அதை வைத்துக்கொண்டு பேசாதே. உன்னால் முடியும், சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது முடிகிறதே.

இன்னும் எனக்கு அந்தக் கட்டிலில் படுத்தால் தூக்கம் வருவதில்லை, நெல்டா. நீ என் தங்கை, அதில் மாற்றமில்லை. ஆனால் கண்ணை மூடினால் குழந்தையின் தலையும் அதற்குக் கீழே உன் பையும்தான் வருகிறது. அது போகட்டும், பிறகு பார்ப்போம்.

ஒலீட்டா


ஹார்ப்பர் வெல்ஸ்
24 ஆகஸ்ட் 1997

அக்கா,

மே மாதம் தேறியதற்கு அட்டை போட்டேன், உரிமம் வந்ததற்கு அட்டை போட்டேன். நீ ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. பரவாயில்லை. ஆனால் இதை நான் உன்னிடம் சொல்லியாக வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது.

செவ்வாய்க்கிழமை பண்ணைகளை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் கழிப்பறைக்குப் போனேன். பெண்களுக்கு ஒரே ஒரு அறைதான். கதவைத் திறந்தேன். உள்பக்கக் கொக்கியில், கோட்டு மாட்டுகிற கொக்கியில், ஒரு கைத்துப்பாக்கி தொங்குகிறது. உறையெல்லாம் இல்லை. விசைக்குக் காவலாக இருக்கிற வளையத்தைக் கொக்கியில் மாட்டி அப்படியே தொங்கவிட்டிருக்கிறார்கள். மாக்சின் வகுப்பில் இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "உக்காரும்போது இடுப்புல இருந்து எடுத்துக் கொக்கியில மாட்டுவீங்க. எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டுப் போயிடுவீங்க. எடுக்காதீங்க, மாட்டாதீங்க. உறையோட உடம்புலயே இருக்கட்டும்." இப்படியும் ஒருத்தி மறப்பாளா என்று அப்போது நினைத்தேன்.

அதைத் தொடவில்லை. யாருடையது, எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஒரு சின்னப் பெண், நடனத்துக்குப் போடுகிற பளபளப்பு உடையில், ஒரு காலில் குதித்துக்கொண்டிருக்கிறது. பின்னாலேயே அதன் அம்மா.

"உள்ள யாருமில்லையே, கொஞ்சம் தள்ளுங்க. புள்ள துடிக்குது."

"இந்தக் கதவைத் தொறக்க முடியாதும்மா. ஆம்பளைங்க பக்கம் கூட்டிட்டுப் போங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"என்ன பொம்பளை நீங்க? கழிப்பறை என்ன உங்க வீட்டுச் சொத்தா?"

காசாளர் பையனைக் கூவி அழைத்து ஷெரிஃபுக்கு போன் போடச் சொன்னேன். விஷயம் என்னவென்று அவன் காதில் மட்டும் சொன்னேன். சத்தமாகச் சொன்னால் நாலு பேர் உள்ளே எட்டிப் பார்க்க வருவார்கள். அந்த அம்மா என்னைப் பைத்தியம் என்றாள், இன்னும் என்னென்னவோ சொன்னாள். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை அக்கா. நான், நெல்டா, பேசவில்லை. குழந்தையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் கேசி வயசுதான் இருக்கும்.

டெபுட்டி வருவதற்கு முன்னால் ஒரு கார் கிறீச்சிட்டுக்கொண்டு வந்து நின்றது. நர்ஸ் உடையில் ஒரு பெண் ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "உள்ள என்னோட…" என்று கதவைக் காட்டினாள். அவளை நான் உள்ளே விடவில்லை. உன் குரல் என் வாயில் வந்தது, சத்தியமாக உன் குரல்தான். "அந்தக் குழந்தையோட மூஞ்சிய ஒரு தரம் நல்லாப் பாத்துக்க. அப்புறம் டெபுட்டி வந்து எடுத்துக் குடுப்பாரு," என்றேன். அவள் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு யாருக்குத் தெரியும் அது எப்படி இருக்கும் என்று.

டெபுட்டி வந்து அதை எடுத்தார். குண்டு போட்டபடிதான் இருந்தது. அப்போதுதான் அந்த அம்மாவுக்கு விஷயம் புரிந்தது. ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

பெயர் எழுதிக்கொள்ள அடையாள அட்டை கேட்டார் டெபுட்டி. அட்டையோடு உரிமத்தையும் நீட்டி, என்னிடமும் ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வெளியே காற்று எல்லார் தொப்பியையும் பறக்கடித்துக்கொண்டிருந்தது.

"எங்கேம்மா வச்சிருக்கீங்க? எனக்கே தெரியலையே."

"எங்கக்கா தச்சது," என்றேன்.

இவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

நெல்டா


டில்லர்டு
6 செப்டம்பர் 1997

நெல்டா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு ரோண்டாவை வரச்சொல்லி, காப்பி போட்டுக்கொடுத்து, உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். அவளைச் சுரைக்கொடி பிடுங்குகிறவள் என்று நீ எழுதிய பழைய கடிதத்தை எடுக்கவில்லை, பயப்படாதே.

கதவில் முதுகைக் கொடுத்து நின்ற இடம் வந்ததும் அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். முடியும்வரை எடுக்கவில்லை. "சித்தி அந்தம்மாகிட்டத் திருப்பித் திட்டவே இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப நெசமாவே மாறிட்டாங்க," என்றாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

வெல்டனுக்கும் படித்தேன். மார்ச் கடிதத்தையும், நீ காரில் அழுததை மறைக்கச் சொன்ன இடத்தோடு சேர்த்துத்தான் படித்தேன், மன்னித்துக்கொள். அந்தக் காற்றில் உன் ஜாக்கெட் ஏன் எழும்பவில்லை என்று கேட்டார், ஈயக் குண்டு போன இடம் அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. கோபப்படவில்லை. "அதுல மீன் பிடிச்சிருந்தா இவ்வளவு பெரிய மீன் சிக்கியிருக்காது," என்றார்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு வா. ஒரே ஒரு நிபந்தனை. உன் துப்பாக்கி வாசலிலிருந்து நேரே வெல்டனின் இரும்பு அலமாரிக்குப் போக வேண்டும். அன்று நம் வீட்டில் குழந்தைகள் கும்பல், எல்லாரும் உன் மேல்தான் ஏறி விழுவார்கள். உனக்கு இதில் ரோஷம் வரும் என்று தெரியும். யோசித்து எழுது.

ஒலீட்டா


ஹார்ப்பர் வெல்ஸ்
10 நவம்பர் 1997

அக்கா,

யோசிக்க இவ்வளவு நாள் எடுத்தது ரோஷத்தால் இல்லை. பயத்தால். உன் வாசலில் நின்றால் எல்லாரும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்களா, கையைப் பார்ப்பார்களா என்று பயம். வழியெல்லாம் வண்டியைத் திருப்பிவிடுவேனோ என்று பயம். அந்த பிக்கப்காரனுக்குக்கூட இவ்வளவு பயந்ததில்லை.

உன் நிபந்தனை சரி. எனக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. அலமாரிச் சாவி அன்றைக்கு அத்தான் கழுத்தில் இருக்க வேண்டாம். ரோண்டாவிடம் இருக்கட்டும். என் கையாலேயே கொடுக்கிறேன். நான் கிளம்பும்போது அவள் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்.

பீக்கன் பலகாரம் நான் செய்கிறேன். தட்டைத் தேடி எடுத்து வை.

நெல்டா


டில்லர்டு
30 நவம்பர் 1997

என் நெல்டாவுக்கு,

நீ கிளம்பிப் போய் மூன்று நாள்தான் ஆகிறது, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ பார்க்காத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நீ வந்து இறங்கியதையெல்லாம் நீயே பார்த்தாய். காற்று அடித்த அடியில் வாசல் கதவில் அலங்காரத்துக்குத் தொங்கிய இலை வளையமே பறந்து போனது, உன் ஜாக்கெட் ஓரம் அசையவில்லை. டெல்பர்ட் வேலியோரம் நின்று, "நெல்டா, இந்தத் தடவை ஃபிரிட்ஜா, அடுப்பா?" என்றான். நீ சிரித்துவிட்டு நேரே இரும்பு அலமாரி இருக்கிற கொட்டகைக்குப் போனாய். வெல்டன் பக்கத்தில் நிற்க, குழாயை மணல் மூட்டைப் பக்கம் வைத்துக் குண்டை எடுத்தாய், மறுபடி பார்த்தாய், விரலை விட்டும் பார்த்தாய், பூட்டினாய். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோண்டாவிடம் சாவியைக் கொடுத்தாயே, அவள் அதை நாள் முழுக்கக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தாள், ராணி மாதிரி. நீ கிளம்பும்போது அவள் உன்னை ஓரமாக இழுத்துப் போய் என்னவோ கேட்டாளே. எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்கள். மாக்சின் வகுப்பு எப்போது என்றுதான் கேட்டாள், இன்று காலையில் என்னிடம் அவளே சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை முடிந்து தனியாகக் காருக்கு நடக்கிறவள் அவள், அந்தப் பயத்தை இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தாள். அவளுக்கும் இப்போது ஒரு ஜாக்கெட் வெட்டி வைத்திருக்கிறேன். சர்ச்சில் இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வெல்டன் தன் மீன்பிடிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்.

நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை.

சாப்பாடு பரிமாறுகிற நேரத்தில் கேசியைக் காணவில்லை. எனக்குத் தெரியும் எங்கே இருப்பாள் என்று. படுக்கையறைக்குப் போனேன். கட்டில் நிறையக் கோட்டு, தொப்பி, பை. அந்தக் குவியலுக்கு நடுவில் அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். தலைக்குக் கீழே உன் கைப்பை. அதே பழுப்புப் பை.

உன்னை நம்பாமல் இல்லை, என் கைதான் நம்பவில்லை. மெதுவாகப் போய் அவள் தலையைத் தூக்கிப் பையை எடுத்தேன். காற்று மாதிரி லேசாக இருந்தது. திறந்து பார்த்தேன், திட்டாதே. சீப்பு, உதட்டுச் சாயம், கைக்குட்டை, ஒரு பிடி பெப்பர்மின்ட். அவ்வளவுதான்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டேன். ஒரு வருஷமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கியது. நம் இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டேன், அம்மாவின் கட்டிலில், அத்தைகளின் கோட்டுக்கு அடியில். பிறகு பையை மூடி, மறுபடியும் அவள் தலைக்குக் கீழேயே வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"கேசி எங்கம்மா?" என்று ரோண்டா கேட்டாள்.

"தூங்கட்டும் விடு," என்றேன். "நெல்டாவோட பையில தல வச்சுத் தூங்குறா."

ரோண்டா என்னைப் பார்த்தாள். கழுத்துச் சாவியை ஒரு தரம் தொட்டுக்கொண்டாள். பிறகு வான்கோழித் தட்டை உன் பக்கம் நகர்த்தி, "சித்தி, நீங்க முதல்ல எடுத்துக்குங்க," என்றாள். நீ அப்போது எதிரே உட்கார்ந்திருந்த டெல்பர்ட்டோடு வாதாடிக்கொண்டிருந்தாய், எதையும் கவனிக்கவில்லை.

உன் அக்கா
ஒலீட்டா

பி.கு. உன் தட்டு மறுபடியும் இங்கேயே இருக்கிறது. இருக்கட்டும், கிறிஸ்துமஸுக்கு வந்து எடுத்துக்கொள்.